லொக்கும் லொக்கும்

போன கிழமை, எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எழுதிய கணினிக் கோடைப் பார்த்துச் சரி சொல்லும் வேலை என்னிடம் வந்தது. வடிவாகத்தான் எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது: 50 மில்லிசெக்கன் தூங்கு, அதாவது அவ்வளவு நேரம் சும்மா நில். அதற்கு மேலே அவரே ஒரு குறிப்பும் போட்டிருந்தார். "இது இல்லாவிட்டால் சிலவேளை பிழைக்கிறது. ஏன் என்று தெரியவில்லை." வாசித்துவிட்டு எழும்பிப் போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன். கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் பெடியன் என்னைவிட நேர்மையான ஆள் என்பதுதான் உறைத்தது. நானும் இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன். நான் குறிப்பு எதுவும் போடவில்லை.

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடும் இரவு பஸ்களுக்கு இருக்கை பதிகிற மென்பொருள் அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் இருந்து செய்தோம். வேகமாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பயணத்தின் இருக்கை வரைபடத்தையும் சேர்வரின் நினைவகத்திலேயே வைத்திருந்தேன். ஒருவர் 17ஆம் இருக்கையைத் தொட்டால் ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற பல வேலையாட்களில் ஒன்று) வந்து, 17 காலியா என்று பார்க்கும். காலி என்றால் 'எடுத்தாயிற்று' என்று குறித்துவிட்டு ரிக்கெற்றைத் தரவுத்தளத்தில் எழுதும். பார்ப்பது ஒரு வேலை, குறிப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் சில நனோசெக்கன் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் இன்னொரு த்ரெட் வந்து பார்த்தால் அதற்கும் 17 காலியாகத்தான் தெரியும். த்ரெட் பற்றி எழுதிய எந்தப் புத்தகத்திலும் முதல் பாடமே இதுதான். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான், ஒரு த்ரெட் வேலையை முடிக்கும்வரை மற்றதை நிற்கவைக்கிற பூட்டைப் போடாமல் விட்டேன். ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையை ஒரே நொடியில் எத்தனை பேர் தொடப்போகிறார்கள் என்ற அலட்சியம்தான்.

பரிசோதித்துப் பார்க்க 200 த்ரெட்டுகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டபோது ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போனது. எது எப்போது வருகிறது என்று பார்ப்பதற்காக, சோதிக்கும் வரிக்கு மேலே, நடப்பதைப் பதிவுக் கோப்பில் எழுதுகிற ஒரு பிரிண்ட் வரி போட்டேன். பிழை மறைந்துவிட்டது. இருபது தடவை ஓட்டினேன், வரவில்லை. வரியை எடுத்தேன், வந்தது. திரும்பப் போட்டேன், போய்விட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம். திங்கள் காலை பஸ் முதலாளிக்கு ஓட்டிக்காட்ட வேண்டும். வரியை அப்படியே விட்டுவிட்டு, 'சிறு திருத்தம்' என்று எழுதிச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த வகைப் பிழைக்கு ஹைசன்பக் என்று பெயர். கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். உற்றுப் பார்க்கப் போனால் ஓடி ஒளிகிற பிழை. கேட்க ஏதோ மாயம் மாதிரி இருக்கும், ஆனால் என் விஷயத்தில் மாயம் எதுவும் இல்லை. நாங்கள் எழுதிய ஜாவா மொழியின் அந்தப் பிரிண்ட் கட்டளைக்கு உள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் எழுதி எழுத்துகள் கலந்துபோகக் கூடாது என்பதற்காக வைத்தது. ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது நிற்கவேண்டும். எழுதுவதற்கு மைக்ரோசெக்கன் கணக்கில் நேரம் போகும். இருக்கையைப் பார்த்துக் குறிக்க நனோசெக்கன்கள் போதும். ஆகவே முதலாவது ஆள் வெளியே வந்து தன் அலுவலை முடித்துவிட்டுப் போகும்வரை இரண்டாவது ஆள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார். ஒடுங்கிய படலைக்குள்ளால் ஒவ்வொருவராக நுழைவது போல. படலையை வைத்தது வேறு காரணத்துக்கு. வளவுக்குள் முட்டுப்படாமல் இருந்தது அதன் புண்ணியத்தால்.

இதில் எனக்கு அப்போதே ஒரு வேடிக்கை தோன்றியது. பூட்டும் லொக், பதிவும் லொக். ஆங்கிலத்தில் lock, log என்று கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நான் போட்டது பதிவு லொக். அது செய்த வேலை பூட்டு லொக். அந்த நேரம் இதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

17ஆம் இருக்கை

மூன்று வருடங்களுக்கு முந்திய நல்லூர்த் திருவிழா. இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்துநான்காம் நாள் தேர். அதற்கு முதல் நாள் இரவு கொழும்பிலிருந்து வருகிற பஸ்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரவு ஒன்பதரை மணியளவில் வெள்ளவத்தையில் நின்ற பஸ்ஸிலிருந்து கொண்டக்டர் போன் எடுத்தார். "தம்பி, பதினேழுக்கு ரெண்டு பேர் நிக்கினம். ரெண்டு பேரின்ர போனிலயும் சரியான ரிக்கெற்றுதான் கிடக்கு." நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் போனை அந்த இரண்டு பேரில் ஒருவரான ஓர் அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். "தம்பி, நான் பதிவு திறந்த அண்டைக்கே காசு கட்டினனான். நாளைக்குத் தேர். முழங்கால் ஏலாத மனிசி, எங்க போய் நிக்கிறது?" பின்னால் ஒரு பெடியனின் குரல் கேட்டது: "பரவாயில்லை அன்ரி, நீங்க இருங்கோ." அவன் வவுனியா தாண்டும்வரை எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் தன் பையின்மேல் இருந்து வந்ததாகவும், முறிகண்டியில் பஸ் நின்றபோது அந்த அம்மா கச்சான் வாங்கிக் கொடுத்ததாகவும் பிறகு கொண்டக்டர் சொன்னார். அன்றிரவு மூன்று பஸ்களில் ஐந்து இருக்கைகள் இப்படி. மற்ற நான்கிலும் எல்லாரும் அந்தப் பெடியனைப் போல இருக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முதல், காலை எட்டு மணிக்குப் பதிவு திறந்த அந்த முதல் நிமிடத்தில் நடந்த கூத்து அது. எல்லாரும் எட்டு மணிக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து ஒன்றாகத் தொட்டிருக்கிறார்கள். நான் நடக்காது என்று நினைத்தது இதுதான். பிழை நடந்தது ஒரு நாள், தெரியவந்தது வேறொரு நாள். இடையில் கணக்கில் ஐந்து ரிக்கெற் கூடுதலாக இருந்தது, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தரவுத்தளமாவது தடுத்திருக்கலாம். ஒரு பயணத்துக்கு ஒரு இருக்கை எண் ஒருமுறைதான் வரலாம் என்று அட்டவணையில் கட்டுப்பாடு போட்டிருக்கவேண்டும். ரத்துச் செய்த ரிக்கெற்றுகளையும் அதே அட்டவணையில் வைத்திருந்ததால் அந்தக் கட்டுப்பாடு இடைஞ்சல் தரும் என்று அதையும் விட்டிருந்தேன்.

இரவு பத்து மணிக்குக் கொம்பியூட்டரைத் திறந்து, கடைசியாக என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தேன். பதிவு திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு மாற்றம். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான ஒரு தங்கச்சி செய்தது. கிளிநொச்சிப் பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்த கையோடு வந்தவர். பதிவுக் கோப்புகள் பெருத்து சேர்வரில் இடம் முடிந்துகொண்டு வந்தது. தேவையில்லாத பிரிண்ட் வரிகளை எல்லாம் அழித்துவிடு என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். முப்பது சொச்சம் வரிகளை அழித்திருந்தார். அதில் என்னுடையதும் ஒன்று.

திரும்பும் பயணங்களுக்கான பதிவு மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறக்க இருந்தது. அன்றிரவு எனக்குப் பத்து மணி நேரம் இருந்தது. ஒழுங்கான பூட்டு ஒன்று போட ஒரு மணி நேரம் போதும். நான் அந்தப் பிரிண்ட் வரியைத் திரும்பப் போட்டேன். தெரிந்த மருந்து, ஏற்கெனவே கேட்டது, பதற்றத்தில் புதிதாக எதையும் தொடக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். காலையில் ஓர் இருக்கைகூட இரட்டிக்கவில்லை.

"நான்தான் அழிச்சனான்"

அடுத்த நாள் தேர் பார்க்காமல் மேல்மாடியில் கூடியிருந்தோம். தூரத்தில் நல்லூர்ப் பக்கம் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பொறுப்பாளர் திரையில் அந்த மாற்றத்தைப் போட்டுக் காட்டினார். சிவப்பில் அழிந்த வரிகள், மேலே அந்தப் பிள்ளையின் பெயர். வரியை அழித்ததும் பிழை வந்தது, வரியைப் போட்டதும் போனது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? "இதை ஆர் அழிச்சது?" என்று கேட்டார், பெயர் கண்முன்னால் இருக்கும்போதே. "நான்தான் அழிச்சனான்" என்றார் அவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணா, ஒரு பிரிண்ட் வரியை அழிச்சா எப்பிடி ஒரு சீற் ரெண்டு பேருக்குப் போகும்?" என்றார்.

மூன்று வருடமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான். கேள்வி கேட்டவருக்கு விடை தெரியாது என்பதால் இல்லை. அது சரியான கேள்வி. போகாது, போகக்கூடாது என்பதுதான் விடை. போகிறதென்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது. நான் என்ன செய்தேன்? வெள்ளைப் பலகைக்குப் போய், பிரிண்ட் கட்டளைக்குள் ஒரு பூட்டு இருக்கிறது, அது த்ரெட்டுகளை வரிசைப்படுத்துகிறது என்று படம் கீறி விளங்கப்படுத்தினேன். லொக்கும் லொக்கும் பகிடியையும் சொன்னேன். எல்லாரும் ரசித்தார்கள். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பூட்டை ஏன் நான் போடவில்லை, அந்த வரியை யார், என்ன தெரிந்துகொண்டு அங்கே விட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இனிமேல் எதை அழிப்பதென்றாலும் கேட்டு அழிக்கவேண்டும் என்று பொறுப்பாளர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவர் கேள்வி கேட்பது குறைந்துபோனது.

பிறகொரு நாள் தெராக்-25 பற்றிப் படித்தேன். இந்தத் துறையில் எல்லாரும் ஏதோ ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு மறந்துபோகும் கதை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற கனேடிய இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் அதனால் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று எங்களுடையதைப் போன்ற பந்தயப் பிழை, அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வருகிற பிழை. இயக்குபவர் விவரங்களைத் தட்டிவிட்டு, பிழையைக் கண்டு, எட்டு செக்கனுக்குள் மேலே போய்த் திருத்தினால் இயந்திரத்தின் ஒரு பகுதிக்கு அந்தத் திருத்தம் தெரியாமலே போய்விடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மெதுவாகத் தட்டியதால் பிழை வரவில்லை. கை பழகி வேகம் கூடியபிறகுதான் வந்தது. என்னை நிமிர்த்தி உட்காரவைத்தது வேறொன்று. இதற்கு முந்திய தெராக்-20 இயந்திரத்திலும் அதே மாதிரியான பிழை இருந்திருக்கிறது. அதில் மென்பொருளை நம்பாமல் இரும்பிலும் கம்பியிலும் தனியாகத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். பிழை வந்தால் ஃபியூஸ் எரியும், அவ்வளவுதான். 25இல் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். நான்சி லெவெசனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய நீண்ட விசாரணையில் இது வருகிறது. தடுப்பை எடுத்தது பிழைதான். ஆனால் அந்த ஃபியூஸ் ஒவ்வொரு முறை எரிந்தபோதும், எதைத் தடுக்கிறோம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் பிரிண்ட் வரி எதைத் தடுக்கிறது என்று ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

பைதன் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்களும் இப்போது இதே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடலாம் என்ற பெரிய பூட்டு ஒன்று அந்த மொழியின் உள்ளே பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதை எல்லாரும் திட்டினோம். அது எத்தனை பேரின் கோடைக் காப்பாற்றியது என்பது, 2024 அக்டோபரில் வந்த 3.13ஆம் பதிப்பில் அது இல்லாத வடிவத்தைச் சோதனையாக வெளியிட்டபிறகுதான் மெல்ல மெல்லத் தெரியவருகிறது. அது எல்லாப் பிழையையும் தடுக்கவில்லை, பலதை மூடி வைத்திருந்தது.

ரப்லெற்

என் அம்மப்பா ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்து ஆட்கள் பலரைப் போல அவரும் தெற்கில்தான் காலம் முழுக்க வேலை செய்தார், கூடுதலும் மலைநாட்டுப் பாதையில். ஒற்றைத் தண்டவாளம். மேலே போகிற ரயிலும் கீழே வருகிற ரயிலும் ஒரே பாதையில். சின்ன வயதில் அவர் சொன்ன ரப்லெற் கதைகளில் ஒன்றும் விளங்கவில்லை. த்ரெட் படித்தபிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. வட்டமான உலோகத் தகடு ஒன்று. அதைத் தோற்பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற ரயிலின் டிரைவரிடம் கைமாற்றுவார்கள். கையில் அந்தத் தகடு இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷன்வரையுள்ள துண்டுக்குள் போகமாட்டார். சரி, இரண்டு பக்கத்து ஸ்டேஷன்களும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தகட்டைக் கொடுத்துவிட்டால்? அதற்குத்தான் இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு பெட்டி, இரண்டையும் இணைத்து ஒரு கம்பி. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் அடுத்தது வராது. போட்டு இழுத்தாலும் வராது என்பார் அம்மப்பா, கையால் இழுத்துக் காட்டியபடி.

நெதர்லாந்துக் கணினி அறிஞரான டைக்ஸ்ட்ரா 1960களில், ஒரே வளத்துக்கு அடிபடும் நிரல்களைக் கட்டுப்படுத்த ஒரு கருவியைச் சொன்னபோது, ரயில்வேயிடமிருந்துதான் பெயரை எடுத்தார்: செமஃபோர். நாங்கள் கைகாட்டி என்போம். அழகான பெயர், ஆனால் எனக்கு ரப்லெற்தான் கூடப் பிடிக்கும். கைகாட்டி சொல்லும், கேட்பதும் விடுவதும் டிரைவரின் மனது. நாங்கள் கோடில் போடுகிற பூட்டுகளும் பெரும்பாலும் அந்த வகைதான். பூட்டைக் கேட்டு வருகிறவனைத்தான் அது நிறுத்தும். கேட்காமல் பக்கத்தால் போகிறவனை அதற்குத் தெரியாது.

அந்தத் திருவிழா முடிந்த கிழமை நான் போட்டது ஒழுங்கான ஜாவா பூட்டு. நிம்மதியாக இருந்தேன், இரண்டாவது சேர்வர் வரப்போகிறது என்று முதலாளி சொல்லும்வரை. ஒரு சேர்வரின் நினைவகத்தில் தொங்குகிற பூட்டு மற்றச் சேர்வரைக் கட்டுப்படுத்தாது. இரண்டு ஸ்டேஷன், இரண்டு பெட்டி, நடுவில் கம்பி இல்லை. அம்மப்பா இருந்திருந்தால் தலையில் அடித்திருப்பார். கடைசியில், முதலே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரத்துச் செய்யாத ரிக்கெற்றுகளை மட்டும் கணக்கில் எடுத்து, ஒரு பயணத்தில் ஒரு இருக்கை எண் ஒருமுறைதான் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸில் ஒரே ஒரு வரி. இரண்டாவது ஆள் எழுத வந்தால் தரவுத்தளம் மறுத்துவிடும், அவருக்கு வேறு இருக்கையைக் காட்டுவோம். எத்தனை சேர்வர் வந்தாலும் தகடு ஒன்றுதான். பிரிண்ட் வரியை அன்று நானே அழித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

புதிய தம்பியோடு போன வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் இருந்தேன். 50 மில்லிசெக்கனை 10 ஆக்கினோம், பிழை கூடியது. பூச்சியமாக்கினோம், நாலுக்கு ஒன்று பிழைத்தது. கோப்பு முழுதாக எழுதி முடியும் முன்பே இன்னொரு த்ரெட் அதை வாசிக்கத் தொடங்குகிறது. தூக்கத்தை எடுத்துவிட்டு, எழுதி முடிந்தது என்று முதலாவது த்ரெட் சொன்னபிறகே இரண்டாவது தொடங்கும்படி மாற்றினார். "அப்ப 50 எண்டது சும்மா ஒரு குருட்டு வாய்ப்பா அண்ணா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அன்றிரவு பழைய கோட் களஞ்சியத்தைத் திறந்து, அந்த இருக்கைக் கோப்பில் கிட் பிளேம் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் காட்டும் கட்டளை. பிளேம் என்றால் பழி. அழிந்த வரிகளுக்கு அதில் இடமில்லை. இருக்கிற வரிகளைத்தான் சொல்லும். அந்தக் கூட்டம் நடந்த நாளின் பதிப்புக்குப் போனேன். காலியா என்று பார்க்கிற வரிக்கு நேரே என் பெயர். எடுத்தாயிற்று என்று குறிக்கிற வரிக்கு நேரே என் பெயர். இரண்டுக்கும் மேலே, முந்தின இரவு திரும்பப் போட்ட பிரிண்ட் வரிக்கு நேரேயும் என் பெயர்.

அந்தத் தங்கச்சி இப்போது கொழும்பில் வேறொரு கொம்பனியில் இருக்கிறார். அவருக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன். அந்த வரியை நான்தான் போட்டேன், பிழை இருப்பது தெரிந்தே போட்டேன், கூட்டத்தில் சொல்லியிருக்கவேண்டும் என்று. அனுப்ப ஒரு மணி நேரம் எடுத்தது. அடுத்த நாள் மத்தியானம் பதில் வந்தது.

"தெரியும் அண்ணா. அண்டைக்கு இரவே பிளேம் போட்டுப் பார்த்தனான்."

கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."